டெஸ்ஸா கல்யாணத்துப் பீப்பாய்

— சிலிண்டரைத் தூக்கிப் பாரு, கெல்வின். ஒரு சொட்டு கேஸ் இல்ல.

— இருக்காதே. அதாவது, போன சனிக்கிழமைதான் புதுசு வாங்கி மாட்டினேன், டாரில். இந்தப் பீப்பாய்க்கு அது தாராளம்னு கடைக்காரர் சொன்னாரு.

— கேஸ் அழுத்தம் எவ்வளவுல வச்சே?

— எண்பது. பீரைப் பீப்பால ஊத்தி, ஃப்ரிட்ஜ்ல வச்சு, எண்பதுலயே விட்டா ஒரு வாரத்துல கேஸ் தானா ஏறிக்கும்னு வீடியோல காட்டினாங்க. நாளைக்குச் சரியா ஏழாவது நாள். கணக்குப் பண்ணித்தான் வச்சேன்.

— இத்தனை நாளா எட்டிப் பாக்கவே இல்லையா நீ?

— இல்ல. நம்ம மில்டூரா ஊரு வெயில் தெரியுமே, நாப்பத்தியொண்ணு. அடிக்கடித் தொறந்தா சூடு ஏறிடும்னு விட்டுட்டேன். இன்னிக்கு மத்தியானம்தான் ஒரு கிளாஸ் பிடிச்சுப் பாத்தேன். தண்ணி மாதிரி எறங்குது. ஒரு குமிழி இல்ல.

— பரீட்சைத் தாளைக் கட்டி வச்ச மாதிரி கட்டி வச்சிருக்க. வாத்தியார் புத்தி.

— கிண்டல் அப்புறம் பண்ணுங்க. நாளைக்கு நாலு மணிக்குக் கல்யாணம். தொண்ணூறு பேர் வர்றாங்க. டெஸ்ஸா ஷாம்பெயினே வேண்டாம்னுட்டா. ‘கெல்வின் காய்ச்சின பீரைத் தூக்கித்தான் எல்லாரும் வாழ்த்தணும்’னு ஒரே பிடிவாதம். நான் காய்ச்சினதே இதுதான் முதல் தடவை.

— சரி, பொறு. கிளப்ல பீர் குழாய் லைன் பாக்குற வேலை இருந்துது, அங்கேர்ந்து ஒரு சிலிண்டர் கேட்டு வாங்கிட்டு வந்திருக்கேன். வேன்ல இருக்கு. அதை மாட்டுறேன். நீ போய் பாத்திரம் கழுவுற சோப்பைத் தண்ணில கலக்கி எடுத்துட்டு வா.

— சோப்பா? பீருக்கா?

— பீருக்கு இல்லய்யா. வெளியில தடவ. கொண்டா.

— இந்தாங்க.

— மூடியைச் சுத்தி ஊத்து. இப்ப கேஸைத் தொறக்குறேன். என்ன தெரியுது?

— நுரை வருது. மூடி ஓரமெல்லாம் பொங்குது.

— உன் கேஸ் போன வழி அதுதான். ஒரு வாரமா உன் ஃப்ரிட்ஜ்தான் குடிச்சிருக்கு.

— நான் மூடியை நல்லா அழுத்தித்தானே போட்டேன். கொக்கியைக்கூட இழுத்து மாட்டினேன்.

— கை அழுத்தினா போதாது. மூடிக்கு அடியில வாஷர் இருக்கு பாரு, அதுல மூடி போய் உக்காரணும்னா முதல்ல ஒரே மூச்சுல முந்நூறு குடுக்கணும். டப்புனு ஒரு சத்தம் வரும். அதுக்கப்புறம் நீ எண்பது வையி, எழுபது வையி, அசையாது. நீ எடுத்த எடுப்புலயே மெதுவா விட்டிருக்க. அது உக்காரவே இல்ல.

— வீடியோல அதைச் சொல்லலையே.

— சொல்லியிருப்பான். நீ நோட்டுல எழுதிக்கிட்டு இருந்திருப்ப. தள்ளு, முந்நூறு குடுக்குறேன். ம். கேட்டுச்சா?

— கேட்டுது. நுரை நின்னுடுச்சு.

— அவ்வளவுதான். ஆனா இனிமே எண்பதுல வச்சுக் காத்துக்கிட்டிருக்க முடியாது. அதுக்கு உனக்கு ஒரு வாரம் வேணும், இருக்கறது ஒரு நாள். உருட்டணும்.

— உருட்டுறதுன்னா?

— பீப்பாவைப் படுக்கப் போட்டு, இருநூறுல கேஸை விட்டுக்கிட்டே ஆட்டுறது. சில்லுனு இருக்குற பீர்னா சீக்கிரம் குடிச்சுக்கும். பத்து நிமிஷ வேலை. ரெண்டு ஆளு வேணும். லியானைக் கூப்பிடலாமா?

— பொண்ணோட அம்மாவாச்சே, லியானுக்கு உள்ள முடி அலங்காரம் பண்ணிப் பாத்துக்கிட்டிருக்காங்க. அவ வேண்டாம். நீங்களும் நானும்தான். அதாவது, உங்களைக் கூப்பிட்டது இதுக்கு மட்டும் இல்ல.

— தெரியும்.

— தெரியுமா?

— கேஸ் தீந்துடுச்சுன்னா கடைக்குப் போன் பண்ணுவாங்க. பொண்டாட்டியோட பழைய புருஷனுக்கா பண்ணுவாங்க? பதினேழு வருஷத்துல நீ எனக்குப் போன் பண்ணினது இது ரெண்டாவது தடவை. முதல் தடவை டெஸ்ஸா கை ஒடிஞ்சப்ப.

— இந்த வேலையை முடிச்சுட்டு நிதானமா சொல்றேனே.

— உன் இஷ்டம். நீ கூப்பிடாட்டியும் இன்னிக்கு நான் வந்திருப்பேன். இந்தா, அந்த நாற்காலியை எனக்கு எதிர்ல போட்டு உக்காரு. குழாய் மேல்பக்கமா இருக்கட்டும், இல்லன்னா பீர் ஏறி ரெகுலேட்டருக்குள்ள போயிடும். செருப்பைக் கழட்டு. காலால என் பக்கம் தள்ளு.

— இப்படியா?

— முழுசா உருட்டாத, குழாய் முறுக்கிக்கும். கொஞ்சம் இந்தப் பக்கம், கொஞ்சம் அந்தப் பக்கம். தொட்டில் ஆட்டுற மாதிரி. ம். அதேதான்.

— கால் விறைக்குது. ரொம்ப சில்லுனு இருக்கு.

— வெளியில நாப்பத்தியொண்ணு, அனுபவி. சத்தம் கேக்குதா, சிர்ருனு? கேஸ் பீருக்குள்ள எறங்குது. அந்தச் சத்தம் சின்னதாகிக்கிட்டே வரும். நின்னுடுச்சுன்னா வயிறு நிறைஞ்சுதுன்னு அர்த்தம்.

— டாரில்.

— தள்ளு.

— ஆறு மணிக்கு ஆத்தங்கரைல ஒத்திகை இருக்கு. அதுக்கு முன்னாடி உங்ககிட்ட சொல்லிடணும்.

— ஆறின கஞ்சி பழங்கஞ்சி. சொல்லு.

— ஜனவரில டெஸ்ஸா என்கிட்டக் கேட்டா. நாளைக்கு அப்பா இடத்துல அவ கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போறது நானா இருக்கணும்னு. நாற்காலி வரிசைக்கு நடுவுல, மாப்பிள்ளை நிக்கிற மரம் வரைக்கும்.

— காலை நிறுத்தாத. கேஸ் பாட்டுக்கு எறங்கட்டும்.

— நான் சரின்னு சொல்லிட்டேன். அப்புறம்தான் உங்க ஞாபகம் வந்துது. இல்ல, அது பொய். அவ கேக்கும்போதே உங்க ஞாபகம் வந்துது. இருந்தும் சரின்னு சொன்னேன்.

— ஜனவரில கேட்டது. இது மார்ச்சு.

— பலதடவை போனைக் கையில எடுத்தேன். எப்படி ஆரம்பிக்கிறதுன்னு தெரியல. நேர்லயே சொல்லுவோம், சண்டை வந்தா இந்த ஷெட்டுக்குள்ளயே இருக்கட்டும்னு நெனச்சேன்.

— அப்ப கேஸ் தீந்தது?

— அதுவும் நிஜம்தான்.

— நடுவுல பத்தொம்பது லிட்டர் பீப்பாவை வச்சுக்கிட்டு எப்படி அடிச்சுக்கிறது? நீ வெவரமான ஆளுதான்.

— நீங்க கோவப்பட்டா எனக்குப் புரியும்.

— சூட்டு வாங்கிட்டியா?

— என்னது?

— கல்யாணத்துக்குச் சூட்டு.

— வாங்கிட்டேன். சாம்பல் கலர். ஷூவும் புதுசு. கடிக்கக் கூடாதுன்னு முன்னாடியே போட்டு நடந்து பழக்கிட்டேன்.

— எங்க நடந்தே?

— இங்கதான். கதவுலேர்ந்து அந்த அலமாரி வரைக்கும், திரும்பத் திரும்ப. வேகமா போனா அவ கவுன் தடுக்கும், மெதுவா போனா பாட்டு முடிஞ்சிடும். முப்பத்திரண்டு அடி எடுத்து வச்சா சரியா வருது.

— தனியாவா நடந்தே?

— துடைப்பத்தைக் கக்கத்துல வச்சுக்கிட்டேன். சிரிக்காதீங்க.

— சிரிக்கல.

— உயரம் தெரியணும்ல. அவ ஹீல்ஸ் போடுவா.

— நான் சிரிக்கலைனு சொன்னேன்ல. தள்ளு.

— உங்ககிட்ட ஒண்ணு கேக்கலாமா? அவ உங்களைக் கேப்பான்னு எதிர்பார்த்தீங்களா?

— எதிர்பார்க்கறதுக்கு எனக்கு என்ன யோக்கியதை இருக்கு? அவளுக்குப் பத்து வயசு, நான் சுரங்க வேலைக்கு மேக்க போனேன். மூணு வாரம் அங்க, ஒரு வாரம் இங்கன்னு சொல்லிட்டுப் போனேன். அந்த ஒரு வாரத்தையும் அங்கயே குடிச்சுத் தீத்தேன். பதினோராவது பிறந்தநாளுக்கு வர்றேன்னேன். வரல. மறுநாள் போன்ல நான் மன்னிப்புக் கேட்டா, ‘பரவாயில்லப்பா, கேக்குல உனக்கு ஒரு துண்டு எடுத்து வச்சிருக்கேன்’ங்கிறா. திட்டியிருந்தான்னா தேவலாம்.

— எனக்கு அந்தக் கேக்கு தெரியும். பெருசா, மேல க்ரீமும் பழமும் வச்ச ஒரு பாவ்லோவா. அந்தத் துண்டை ஃப்ரீசர்ல வச்சிருந்தா. யாரையும் தொட விடல.

— எத்தனை நாள்?

— வேண்டாம் டாரில்.

— சொல்லு.

— அடுத்த பிறந்தநாள் வரைக்கும்.

— ம்.

— சத்தம் குறைஞ்ச மாதிரி இருக்கு.

— நின்னுடுச்சு. காலை எடு.

— இன்னும் ரெண்டு நிமிஷம் உருட்டிடலாமா? பத்தாம போயிட்டா?

— உருட்டு, உருட்டு. நாளைக்குத் தொண்ணூறு பேரும் கிளாஸ் நிறைய நுரையைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நிப்பாங்க. குறைஞ்சா ஏத்திக்கலாம். ஏறினதை எறக்குறதுக்குத்தான் உயிர் போயிடும். கேஸை மூடு. நிமித்தி ஃப்ரிட்ஜ்ல வை. கொஞ்ச நேரம் அது பாட்டுக்குக் கெடக்கட்டும், கலங்கியிருக்கு.

— வச்சாச்சு.

— நான் வெளியில நின்னு ஒரு சிகரெட் பிடிச்சுட்டு வர்றேன். தொடாத.

— தொடல.

…

— அரை மணி ஆச்சு, டாரில். பாக்கலாமா?

— பாரு. மூடி மேல ஒரு வளையம் இருக்குல்ல, அதை மெல்ல இழு. மெல்லன்னு சொன்னேன். உஸ்ஸுனு மிச்சக் காத்து போகும். போயிடுச்சா? இப்ப எண்பதுல வச்சுக் கேஸைத் தொற. உன் எண்பது இப்பதான் வேலைக்கு ஆகும். ஒரு கிளாஸ் பிடி.

— நுரையாதான் வருது.

— முதல் கிளாஸ் அப்படித்தான். குழாய் சூடா இருக்கு. கீழ ஊத்திட்டு அடுத்ததைப் பிடி. கிளாஸைச் சாய்ச்சுப் பிடிக்கணும், உனக்கு யாரும் சொல்லித் தரலையா? ம். குடு இப்படி.

— எப்படி இருக்கு?

— இரு. விழுங்கிக்கிறேன்.

— சொல்லுங்க.

— நல்லாயிருக்கு.

— நிஜமாவா?

— உன்கிட்ட இதமா பேசணும்னு எனக்கு என்ன தலையெழுத்து? நல்லா இருக்கு. கொஞ்சம் கசப்பு தூக்கல். வெயிலுக்கு அதுவும் வேணும்தான். நீயும் குடி.

— அப்பாடா. இனிமே எனக்கு நாளைக்கு அந்த முப்பத்திரண்டு அடி மட்டும்தான் பாக்கி.

— உக்காரு, கெல்வின்.

— பரவாயில்ல, நிக்கிறேன். கால் இன்னும் விறைப்பாவே இருக்கு.

— ஆறு மணிக்கு ஒத்திகைல நீ முதல் வரிசைல லியான் பக்கத்துல உக்காந்துக்கணும்.

— நடந்து முடிச்சப்புறம்தானே?

— நடக்க ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே.

— ஓ. அப்ப நீங்க. அதாவது, உங்களைத்தான் கேட்டிருக்காளா? அதுல எனக்கு ஒண்ணும் இல்ல, டாரில். பெத்தவர் நீங்க. நான் எதுவும் சொல்ல மாட்டேன்.

— நானும் இல்ல. எனக்கு ரெண்டாவது வரிசை. அவ தனியா வர்றா.

— தனியான்னா?

— யார் கையும் பிடிக்காம. நேத்து சாயங்காலம் எனக்குப் போன் பண்ணினா. இருபத்தேழு வயசாகுது, ஒருத்தர் கையிலேர்ந்து இன்னொருத்தர் கைக்கு மாத்திவிட நான் என்ன வீட்டுச் சாமானான்னு கேட்டா. ஜனவரில யோசிக்காமக் கேட்டுட்டாளாம். ரெண்டு வாரமா தூக்கம் இல்லையாம். அவ கேக்குறதுல தப்பு ஒண்ணும் இல்ல.

— இல்ல. தப்பு இல்ல. நானே வகுப்புல அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

— ம்.

— இன்னிக்குக் காலையில இங்க வந்துதான் டோஸ்ட் சாப்பிட்டா. என் எதிர்லதான் உக்காந்திருந்தா. ஷூவைக் காட்டினேன். அழகா இருக்குன்னா.

— மூணு தடவை உன்கிட்டச் சொல்லலாம்னு வந்தாளாம். உன் மொகத்தைப் பாத்ததும் வேற ஏதோ பேசிட்டுப் போயிட்டாளாம். போன்ல அழுதா.

— நான் ஏதாவது தப்பாப் பண்ணிட்டேனா, டாரில்?

— இல்ல.

— பின்ன ஏன் உங்ககிட்டப் போயிச் சொல்லணும்? உங்களுக்கும் இது சின்ன விஷயமா என்ன? என்னை விட்டுட்டு உங்ககிட்ட மட்டும் எப்படிச் சுலபமா சொல்ல முடிஞ்சுது அவளால?

— ‘நீயே சொல்லிடுப்பா, கெல்வினுக்கு மனசு ஒடைஞ்சிடும்’னா. எனக்கும் மனசுன்னு ஒண்ணு இருக்கும்னு அவளுக்குத் தோணவே இல்ல, வாத்தியாரே.