கால் சார்

எனக்கு மழைச்சாரல் பட்டாலே தும்மல் வந்துவிடும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். விசாரணைக் குழுவினர் இதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். நடந்தது எல்லாவற்றுக்கும் பொறுப்பு அந்தத் தும்மல்தான். நான் கூட இருந்தேன், அவ்வளவே.

நம் மெத்தைக் கம்பெனியில் நான் புகார்ப் பிரிவைக் கவனிப்பவன் என்பது உங்களுக்குத் தெரியும். மெத்தையில் படுத்ததால் முதுகு போய்விட்டது என்று சொல்லித் திருப்பிக் கொடுக்க வருகிறவர்களில் யாருக்கு வலி உண்மை, யாருக்குப் பொய் என்று பிரித்துச் சொல்வது என் வேலை. பேசிக்கொண்டே பேனாவைத் தரையில் நழுவ விடுவேன். வலிக்காரர் அதைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருப்பார். மற்றவர் குனிந்து எடுத்துக் கொடுப்பார். பொய் சொல்கிறவர்களை எனக்குக் கண்டாலே ஆகாது.

அன்று நல்ல மழை. காரை நிறுத்த வாசலை ஒட்டிய ஓர் இடம்தான் காலியாக இருந்தது. அகலமான இடம், தரையில் சக்கர நாற்காலிப் படம், மேலே 'மாற்றுத்திறனாளிகளுக்கு மட்டும்' என்று பலகை. மேலே போய் ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டுக் கால் மணி நேரத்தில் திரும்பிவிடலாம் என்று நிறுத்தினேன். குடையோடு வாட்ச்மேன் ஓடி வந்தார்.

"என்ன சார், இங்க விட்டுட்டீங்க?"

'கால் மணி நேரம்தான்' என்று சொல்ல வாயெடுத்தேன். "கால்..." என்றதும் தும்மல் வந்துவிட்டது. அடுத்தடுத்து வந்தது. நிமிர்ந்து பார்த்தால் அந்த மனிதரின் முகமே மாறியிருந்தது.

"காலா சார்? அடப்பாவமே. இத்தனை நாளா அந்தக் கோடியில நிறுத்திட்டு நடந்தா வந்தீங்க? ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

சொல்லிக்கொண்டே என் கையைப் பிடித்துத் தாங்கினார். ஒருவர் அவ்வளவு அன்பாகத் தாங்கும்போது விறைப்பாக நடந்தால் அவர் மனம் என்ன பாடுபடும்? மரியாதைக்காகக் கொஞ்சம் சாய்ந்தேன். சாய்ந்ததில் ஒரு கால் இழுத்தது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் வாயே திறக்கவில்லை. ஒரு வாக்கியத்தைப் பாதியில் விட்டதற்குப் பெயர் பொய் என்றால் இந்த ஊரில் எல்லாரும் பொய்யர்கள்தான்.

மாலைக்குள் எனக்குக் 'கால் சார்' என்று பெயர் வந்துவிட்டது. மேனேஜர் என் தோளைத் தட்டி, "வலியக் காட்டிக்காம வேலை பாத்திருக்கீங்களே" என்று கண் கலங்கினார். எல்லாரும் சேர்ந்து ஒரு கைத்தடி வாங்கிக் கொடுத்தார்கள். நல்ல மரம். வேண்டாம் என்றால் தலைக்கனம் என்பார்கள். வாங்கிக்கொண்டேன். வீட்டில் மனைவி கேட்டாள், "இது எதுக்குங்க?" "ஆபீஸ்ல குடுத்தாங்க" என்றேன். அது முழு உண்மை.

ஒரே சிக்கல், எந்தக் கால் என்பது மறந்து போகும். ஒரு நாள் காலையில் வலதையும் மத்தியானம் இடதையும் இழுத்தேன். "வலி இடம் மாறுதா சார்?" என்று வாட்ச்மேன் கவலைப்பட்டார். அவரை ஏமாற்ற எனக்கு மனம் வரவில்லை. அதனால் வலது ஷூவுக்குள் ஒரு கூழாங்கல்லைப் போட்டுக்கொண்டேன். அதன் பிறகு வலி உண்மையாகவே இருந்தது. அன்றிலிருந்து என் நடையில் பொய்யே கிடையாது என்பதை நீங்கள் ஒப்புக்கொள்ள வேண்டும்.

பிறகுதான் டிசைனர் அம்மா வேலைக்குச் சேர்ந்தார். சக்கர நாற்காலியில் வருகிறவர், காரைக் கையாலேயே ஓட்டுவார். ஆறு மாதம் பார்த்துவிட்டுத்தான் வேலையை நிரந்தரமாக்குவது என்ற நிபந்தனை. முதல் வாரமே என் மேசைக்கு வந்தார்.

"சார், எனக்குக் கதவ முழுசாத் திறந்து நாற்காலிய இறக்கணும். வேற இடத்துல விட்டா பக்கத்துல இன்னொரு வண்டி ஒட்டி நின்னுடுது. நேத்து அந்த ஆள் வந்து எடுக்கற வரைக்கும் மழையில நனைஞ்சேன். காலையில உள்ள வரவும் லேட்டாகுது. இப்படியே போனா வேலைய விட்டே தூக்கிடுவாங்க சார்."

"கால்..." என்றேன். இம்முறை தும்மல் வரவில்லை. நானே நிறுத்திக்கொண்டேன்.

"எனக்கு ரெண்டும் சார்" என்றார்.

வலியில் போட்டி போடுவது எனக்குப் பிடிக்காது. அதோடு, இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குகிற காலம் இது. எதற்கும் பார்த்துவிடலாம் என்று பேனாவை நழுவ விட்டேன். நாற்காலியிலிருந்து சாய்ந்து, எட்டி எடுத்து, துடைத்து, சிரித்துக்கொண்டே கொடுத்தார். எனக்குச் சுருக்கென்றது. தொழில் தர்மம் என்று ஒன்று இருக்கிறதே. மேனேஜரிடம் போய், "குனிய முடியுது சார். சிரிக்கவும் முடியுது" என்று மட்டும் சொன்னேன். வேறு எதுவும் சொல்லவில்லை. இடம் என்னிடமே இருந்தது. அவர் தினமும் தாமதமாக வந்தார். தாமதமாக வருகிறவர்களைப் பற்றி மேனேஜர் என்ன நினைப்பார் என்பது என் பிரிவைச் சேர்ந்த விஷயமல்ல.

இனி அந்தத் தீ விவகாரம். சோதனை அறையில் ஒரு மெத்தை சூட்டில் கருகி, நான்காம் மாடி முழுக்கப் புகை. மணி அடித்தது, லிஃப்ட் நின்றது. நடக்க முடியாதவர்களைப் படியில் தூக்கி இறக்க நம்மிடம் இருப்பது ஒரே ஒரு நாற்காலி. படி அருகே நான் தடியோடு நின்றேன், பக்கத்தில் டிசைனர் அம்மா. தூக்க வாட்ச்மேனும் பேக்கிங் தம்பியும் வந்து நின்றார்கள்.

"யாரு முதல்ல?" என்று மேனேஜர் கத்தினார்.

இங்கேதான் நீங்கள் என்னைக் குறுக்குக் கேள்வி கேட்பீர்கள். 'என்னால் நடக்க முடியும்' என்று சொல்லியிருக்கலாமே என்பீர்கள். சொல்லியிருக்கலாம். ஆனால் ஷூவில் கல் இருந்தது. அதோடு எல்லாரும் என்னையே பார்த்தார்கள், சீனியர் என்ற முறையில். "கால்..." என்றேன். உட்கார வைத்துவிட்டார்கள்.

"போங்க சார், போங்க" என்றார் டிசைனர் அம்மா. "நான் புகைக்குக் காவல் இருக்கேன்."

அதை நான் பெருந்தன்மை என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

இரண்டாம் மாடித் திருப்பத்தில் வாட்ச்மேன் வழுக்கி விழுந்தார். நாற்காலி கவிழ்ந்தது, என் ஷூ கழன்று கல் எங்கோ தெறித்தது. கல் போனதும் வலியும் போய்விட்டது. வலி இல்லாதவன் படியில் கிடந்து வழியை மறிப்பது விதிமீறல். எழுந்தேன், வாட்ச்மேனைத் தாண்டிக் குதித்தேன், இரண்டிரண்டு படியாக இறங்கி ஓடினேன். ஆம், அவர் மேல்தான் குதித்தேன். அவருடைய கால் உடைந்தது வழுக்கியதாலா, நான் குதித்ததாலா என்று டாக்டருக்கே தெரியவில்லையாம். எனக்குத் தெரியும். குதித்ததால்தான். சத்தம் கேட்டது.

கீழே கூடியிருந்தவர்களில் யாரோ ஒருவர், கால் சாருக்குக் கால் வந்துவிட்டது என்று கை தட்டத் தொடங்கினார். பாதியில் நிறுத்திக்கொண்டார். சற்று நேரத்தில் படியில் தடதடவென்று சத்தம். டிசைனர் அம்மா ஒரு சாம்பிள் மெத்தையில் படுத்து வார்ப்பட்டையால் கட்டிக்கொண்டு வந்தார். சோதனை அறைப் பெண்கள் முன்னும் பின்னும் பிடித்து இறக்கினார்கள். வழியில் கிடந்த வாட்ச்மேனையும் அதிலேயே ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். மெத்தை நம்முடைய நடுத்தர ரகம். கிழியவில்லை. அதைப் பற்றி இதுவரை ஒரு புகாரும் வரவில்லை என்பதையும் பெருமையோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

வாட்ச்மேன் என்னைப் பார்த்து ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "இப்ப கால் எப்படி சார் இருக்கு?" நக்கலாகக் கேட்டிருந்தால் எனக்குப் பதில் இருந்திருக்கும். அவர் உண்மையாகவே கேட்டார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மெத்தை சரியில்லை என்று நினைக்கிறேன்.

ஆகவே நடந்தது இதுதான். நொண்டியது நான், பேனாவை நழுவ விட்டது நான், அந்த அம்மாவைப் புகையில் விட்டுவிட்டு நாற்காலியில் ஏறியது நான். ஒப்புக்கொள்கிறேன். கெட்ட எண்ணம் மட்டும் எதிலும் கிடையாது.

என்ன, கீழேயிருந்து ஃபோன் வந்திருக்கிறதா? சாட்சி சொல்ல டிசைனர் அம்மா வந்துவிட்டாரா? கட்டுப்போட்ட காலோடு வாட்ச்மேனையும் தன் வண்டியிலேயே கூட்டி வந்திருக்கிறாரா? இரண்டு பேரும் இறங்க வழியில்லாமல் வாசலில் நிற்கிறார்களா?

ஆமாம், அந்தப் பலகைக்குக் கீழே நிற்கிற வண்டி என்னுடையதுதான். வெளியே மழையைப் பார்த்தீர்கள் அல்லவா? கொஞ்சம் பொறுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கால் மணி நேரம்தான்.