அழத் தெரியாதவனுக்குத் தூக்கு

கண்டிப்பும் கனிவும் கலந்து இந்த அவையைக் கட்டிக்காக்கும் தலைவர் அவர்களே! வெயிலையும் பொருட்படுத்தாமல் வீற்றிருக்கும் பெரியோர்களே! இடுப்பில் பிள்ளையோடு இன்னும் நின்றுகொண்டிருக்கும் தாய்மார்களே! உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

ஓர் ஓட்டல். முதலாளியின் மகனும், அங்கே பரிமாறும் சர்வரும் சேர்ந்து, தகராறு செய்த ஒரு வாடிக்கையாளரை அடித்தார்கள். அந்த மனிதர் செத்துப்போனார். குற்றமா? குற்றம்தான்! கொடுமையா? கொடுமைதான்! அதை மூடி மறைக்க நான் மேடை ஏறவில்லை.

ஆனால் தீர்ப்பைக் கேளுங்கள். முதலாளி மகன் கூண்டிலே குலுங்கிக் குலுங்கி அழுதான். எப்போது அழவேண்டும் என்று சொல்லிக்கொடுக்கப் பெரிய வக்கீல் இருந்தார். அவனுக்கு ஆயுள் தண்டனை. சர்வரோ சிரித்த முகத்தோடு நின்றான். "துளியும் வருந்தாதவன், திருந்தவே மாட்டான்" என்று சொல்லி, அவனுக்குத் தூக்கு!

ஏன் சிரித்தான்? அவன் மனைவியிடமே கேட்டேன்.

"அது சிரிப்பு இல்லீங்க, பயம். டீ ஆறிப்போச்சுன்னு ஒருத்தர் மூஞ்சிலயே ஊத்தினாக்கூட அவரு அப்படித்தான் நிப்பாரு. மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டா வேலை போயிடும்ல? எங்கப்பா சாவுலயும் அதே முகத்தோட நின்னு, எங்கண்ணன்கிட்ட நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டாரு" என்றார்.

கேட்டீர்களா இந்த அநியாயத்தை? முகபாவம் பார்த்து மதிப்பெண் போட நீதிமன்றம் என்ன நாடகப் போட்டியா? உயிரை எடுக்கும் தராசிலே உதட்டை வைத்தா எடை போடுவது? வசதி உள்ளவன் கண்ணீருக்கு விலக்கு, வக்கற்றவன் முகத்துக்குச் சுருக்கு! வயிறு எரிகிறது, ஐயா!

என்ன தம்பி? உரக்கக் கேளுங்கள். "செத்தவனுக்காக யார் பேசுறது?" என்கிறீர்கள். நியாயமான கேள்வி. உட்காராதீர்கள், பதிலையும் நின்றே கேளுங்கள். செத்தவரின் அக்கா இதோ முன்வரிசையில் இருக்கிறார். தூக்கை மறுபரிசீலனை செய்யக் கோரும் மனு நாளை விசாரணைக்கு வருகிறது. அங்கே அவரும் பேசப்போகிறார். "உங்களுக்கு ஆத்திரமே இல்லையாம்மா?" என்று கேட்டேன்.

"இல்லாமயா? அவன் மூஞ்சியில முழிக்கவே எனக்குப் பிடிக்கலை. ஜெயில்லயே கிடக்கட்டும். ஆனா அடிச்சது ரெண்டு பேரு. ஒருத்தனுக்கு அழத் தெரியலைன்னு அவனை மட்டும் தொங்கவிட்டுட்டு, என் தம்பிக்காகத்தான் செஞ்சோம்னு எங்கிட்ட வந்து சொல்லாதீங்க."

அந்த அக்காவும் சர்வரின் மனைவியும் நாளைக் காலை ஒரே பஸ்ஸில் நீதிமன்றத்துக்குப் போகிறார்கள். இன்றுவரை இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. நீங்களும் அந்த பஸ்ஸில் ஏறுங்கள். காது கொடுத்த அத்தனை பேருக்கும் நன்றி, வணக்கம்!