மட்டிப்பாருல இன்னிக்கு அலை எப்டி?

ஜானட்: ...யோவ், காத்து இரையுது. ஒன்னும் கேக்கல. கத்திப் பேசு.

ஜெரால்ட்: தலகாணில மூஞ்சிய வெச்சிகினு குப்புறப் படுத்துகினு கீறேன். இதுல எங்கேர்ந்து கத்தறது? நீ போன காதுல அமுக்கிப் புடி.

ஜானட்: புடிச்சிகினுதான் கீறேன். சொல்லு, இன்னா பாக்கணும்?

ஜெரால்ட்: மொதல்ல எங்க நிக்கற?

ஜானட்: திருவொத்தியூரு கரைல. கடலுக்குள்ள நீட்டமா கல்லு கொட்டி வெச்சிகிறாங்களே, அதாண்ட.

ஜெரால்ட்: அதாண்டன்னா? கல்லுக்கு வடக்கயா தெக்கயா?

ஜானட்: கடல பாத்து நிக்கறேன். எண்ணூர் பொகக்கூண்டு எடது கைப்பக்கம். கல்லும் எடது கைப்பக்கம்.

ஜெரால்ட்: அப்ப தெக்க கீற. ஷோக்கான எடம். அந்தப் பொக எந்தப் பக்கம் சாயுது?

ஜானட்: கடல் பக்கம்... இல்ல, இரு... தெக்கால. அப்டியே நம்ம ராயபுரத்த பாத்து வருது.

ஜெரால்ட்: வாடைக்காத்து. வெளிய கப்பலுங்க நங்கூரம் போட்டுகினு நிக்கிதா?

ஜானட்: ஆறு நிக்கிது. எல்லாம் வடக்க மூஞ்சிய வெச்சிகினு, பூசைல நிக்கறாப்ல வரிசையா.

ஜெரால்ட்: பூசன்னதும் ஞாபகம் வருது... இன்னிக்கி ஞாயித்துக்கெழம. நீ போவலியா?

ஜானட்: மொத பூச போச்சி. பாதர் கேட்டா, 'எங்க வூட்டுக்காரரு குப்புறப் படுத்துகினு கடல் ஜோசியம் பாக்கறாரு, நான் அதுக்கு கிளி'ன்னு சொல்றேன்.

ஜெரால்ட்: கிளி கொஞ்சம் குண்டா கீதேன்னு கேப்பாரு.

ஜானட்: போன வெச்சிருவேன்.

ஜெரால்ட்: ஏய் ஏய், ஜானு... சும்மா சொன்னேன். கப்பலு மூக்கு வடக்க பாத்தா தண்ணி வடக்கேர்ந்து தெக்க ஓடுதுன்னு அர்த்தம். அத்த மனசுல வெச்சிக்க. இப்ப பாரு, கல்லு மொனையிலேர்ந்து கொஞ்சம் வடக்கால, உள்ள... நம்ம மட்டிப்பாரு.

ஜானட்: தெரியும். தண்ணிக்குள்ள கீற பாறை. நீ அலைல சறுக்கறப்ப உன் கண்ணு மேல போர்ட தூக்கிப் போட்ட பாறை.

ஜெரால்ட்: பாறை இன்னா பண்ணும்? நான்தான் பாக்காம போனேன். அங்க அலை எப்டி ஒடையுது?

ஜானட்: இப்ப ஒன்னும் பெரிசா இல்ல. இடுப்பு ஒசரம். பாக்க அழகாதான் கீது... ஒரு ஓரத்துலேர்ந்து ஆரம்பிச்சி, ஜிப்பு இழுக்கறாப்ல அப்டியே போவுது.

ஜெரால்ட்: ஐயோ... ஜிப்பு இழுக்கறாப்லன்னா சொன்ன?

ஜானட்: ஆமா. இன்னாத்துக்கு பெருமூச்சு விடற?

ஜெரால்ட்: வருசத்துல நாலு நாளுதான் அது அப்டி ஒடையும். அந்தமான் பக்கம் புயல் நின்னாதான். அந்த நாளு பாத்து எனுக்கு மொசைக் தரைய பாத்துகினு படுக்கற வேல... ஆபரேசன் பண்ண கண்ணுக்குள்ள வேற காத்து ஊதி வெச்சிகிறாங்க, பலூனு மாரி.

ஜானட்: காத்து கரையற வரிக்கும்தான்யா. டாக்டரு இன்னும் அஞ்சு நாளுன்னாரு. அப்பால நிமிந்து படு, எழுந்து ஆடு, இன்னா வேணா பண்ணு.

ஜெரால்ட்: ...ஆமா. அடுத்த மாசம் நானே எறங்கிருவேன்.

ஜானட்: எறங்குவ, எறங்குவ. யாரு வேணான்னா?

ஜெரால்ட்: சரி, கல்லுல பச்சப் பாசி கோடு தெரியுதா?

ஜானட்: தெரியுது. அதுக்கு கீழ ஒரு கல்லு முழுசா வெளிய கீது.

ஜெரால்ட்: அவ்ளோவா? அப்ப தண்ணி எறங்கிகினு கீது. பாரு மேல முட்டி அளவு கூட இருக்காது... ஜானு, நீ வந்து எவ்ளோ நேரம் ஆச்சி?

ஜானட்: அர மணிக்கி மேல.

ஜெரால்ட்: அதுல ஒரு தபாவாச்சும் திடீர்னு பெரிசு பெரிசா வந்துச்சா?

ஜானட்: வந்துச்சி. நான் வந்தவொடன ஒரு தபா, அப்பால இருவது நிமிசம் கழிச்சி, உனுக்கு போன் போடறதுக்கு கொஞ்சம் முன்னாடி ஒரு தபா. செட்டுக்கு ஏழு. எண்ணினேன். நாலாவது, அஞ்சாவது தான் பயங்கரம். ரெண்டு ஆளு ஒசரம் இருக்கும். அது வர்றதுக்கு முன்னாடி பாரு மேல கீற தண்ணிய அப்டியே உறிஞ்சிகிச்சி. மட்டி ஒட்டிகினு கீற பாறை கறுப்பா வெளிய தெரிஞ்சிது.

ஜெரால்ட்: பாறை தெரிஞ்சிதா? உன் கண்ணால பாத்தியா?

ஜானட்: பின்ன உன் கண்ணாலயா பாத்தேன்? யோவ்... வாய் தவறி வந்துச்சிய்யா.

ஜெரால்ட்: வுடு. இன்னிக்கி அலைல எறங்கறேன்னானே நசீரு, வந்துட்டானா?

ஜானட்: இப்பத்தான் போர்ட தலைல வெச்சிகினு வரான். ஐஸ் கம்பெனில ராத்திரி ஷிப்டு முடிச்சிட்டு நேரா வரான் போல, பூட்ஸு கூட கழட்டல. நசீரு! இந்தா, அண்ணன் பேசறாரு.

நசீர்: அண்ணே! எப்டி கீற? கண்ணு எப்டி கீது?

ஜெரால்ட்: கண்ணு கெடக்குது. நீ எறங்காத.

நசீர்: இன்னாண்ணே எடுத்த எடுப்புல... போன்ல அலை சொல்ற ஆப்புல பாத்தேன். பச்ச கலரு போட்டுகீது. ஆறடி. இந்த வருசத்துலயே பெஸ்ட்டு இன்னிக்கிதான்.

ஜெரால்ட்: அன்னிக்கும் பச்சதான் போட்டுருந்துச்சி. நானும் அத்த பாத்துட்டுதான் போனேன். மூஞ்சிலாம் ரத்தமா கீற என்ன தோள்ல போட்டுகினு வந்தது யாரு? நீதான? மறந்துட்டியா?

நசீர்: அத்த எப்டிண்ணே மறப்பேன்...

ஜெரால்ட்: ஆப்புக்கு மட்டிப்பாரு தெரியாது மாமு. இருவது நிமிசம் சும்மா இருந்துட்டு ஏழு வருது இன்னிக்கி. அண்ணி எண்ணிகினு கீறா. பாறை வெளிய தெரியுது. ஒம்போது மணிக்கி தண்ணி கொஞ்சம் ஏறட்டும், அப்பால எறங்கு.

நசீர்: ஒம்போதுக்கு போலீசு வந்துரும்ணே. ஹார்பர்ல புயல் கூண்டு ஏத்திட்டாங்களாம். அப்பால கரைல நிக்கவே வுட மாட்டாங்க.

ஜெரால்ட்: வுடலன்னா வூட்டுக்கு போ. உன் பொண்டாட்டி லுப்னா கையால நாஸ்தா துண்ணுட்டு தூங்கு.

நசீர்: ...சரிண்ணே. நீ சொன்னா சரி. இந்தா அண்ணி, போனு.

ஜானட்: பாவம்யா. மூஞ்சி தொங்கிப் போச்சி அவனுக்கு.

ஜெரால்ட்: தொங்கட்டும். சொட்டு மருந்து எட்டு மணிக்கிதான?

ஜானட்: எட்டு மணிக்கி. அதுக்குள்ள வந்துருவேன். நீயா எழுந்து தேடாத. டிபனுக்கு இன்னா வேணும்?

ஜெரால்ட்: குப்புறப் படுத்துகினே துண்றாப்ல எதுனா.

ஜானட்: புட்டு வாங்கியாரேன். பூன மாரி நக்கித் துண்ணு.

ஜெரால்ட்: மியாவ்.

ஜானட்: ச்சீ... சிரிக்க வெக்காத. இங்க எல்லாம் பாக்கறாங்க... யோவ்.

ஜெரால்ட்: இன்னா?

ஜானட்: நசீர காணும். பூட்ஸு மட்டும் கீது.

ஜெரால்ட்: போர்டு?

ஜானட்: இல்ல... ஐயோ, கல்லுக்கு அந்தாண்ட எறங்கிட்டான்யா! கைய போட்டுகினு போறான். பாரு கிட்ட போய்ட்டான்!

ஜெரால்ட்: கூப்டு! கத்து!

ஜானட்: நசீரு! டேய் நசீரு! ...கேக்கல. இந்தக் காத்துல எங்க கேக்கறது?

ஜெரால்ட்: கடசியா பெரிய செட்டு வந்து எவ்ளோ நேரம் ஆச்சி?

ஜானட்: உன்கூட பேச ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி... இருவது நிமிசம் ஆயிருக்கும்.

ஜெரால்ட்: வெளிய பாரு. தூரத்துல. கடல் கோடு நேரா கீதா, மேடு மேடா கீதா?

ஜானட்: மேடா கீது... கறுப்பா... ஒன்னு பின்னாடி ஒன்னு வருதுய்யா!

ஜெரால்ட்: அவன் பாருக்கு வெளிய கீறானா, உள்ள கீறானா?

ஜானட்: வெளிய போய்ட்டான். அவனும் பாத்துட்டான். திரும்பறான்... கரைய பாத்து நேரா வரான்!

ஜெரால்ட்: வேணாம்! நேரா வந்தா பாறை மேலதான் தூக்கி அடிக்கும். அவன அங்கயே நிறுத்தணும். உன் கைல இன்னா கீது?

ஜானட்: மஞ்சப்பை.

ஜெரால்ட்: போதும். தலைக்கு மேல அசையாம புடி. 'அங்கயே நில்லு'ன்னு அர்த்தம். எங்க கூட்டத்துல எல்லாருக்கும் தெரியும்.

ஜானட்: இங்கேர்ந்து அவனுக்கு தெரியாது. கரைல எல்லாரோடயும் நிக்கறேன். மேல ஏறறேன்.

ஜெரால்ட்: ஏறாத! பாசி வழுக்கும் ஜானு! ஏறாத!

ஜானட்: ஏறிட்டேன்.

ஜெரால்ட்: யேசுவே... செருப்ப கழட்டு.

ஜானட்: அத்த எப்பவோ கழட்டிட்டேன். பைய புடிச்சிகினு கீறேன்... பாரு, என்ன பாரு, இங்க பாருடா... பாத்துட்டான்! நின்னுட்டான்!

ஜெரால்ட்: நிக்கட்டும். பாருக்கு வெளிய ஆழம். அங்க அலை ஒடையாது, தூக்கித் தூக்கிதான் போடும். இப்ப எண்ணு. சத்தமா எண்ணு.

ஜானட்: ஒன்னு... போச்சி. அவன் மேல ஏறி எறங்கிட்டான். ரெண்டு... மூணு...

ஜெரால்ட்: எண்ணு.

ஜானட்: நாலு... ஐயோ மாதாவே... பாரு மேல ஒடையுது, கல்லு ஆடுதுய்யா என் காலுக்கு கீழ...

ஜெரால்ட்: ஜானு, உக்காரு! உக்காந்துகினு பைய தூக்கு!

ஜானட்: உக்காந்துட்டேன். நனைஞ்சிட்டேன்... அஞ்சு... நசீர் தெரியலய்யா.

ஜெரால்ட்: பாரு.

ஜானட்: தெரியல... தெரியல... போர்டு மட்டும் நட்டுகினு... இல்ல, வந்துட்டான்! தலை தெரியுது! போர்ட கட்டிப் புடிச்சிகினு கீறான்.

ஜெரால்ட்: அப்பா... ஆறு?

ஜானட்: ஆறு. சின்னதா போச்சி. ஏழு... போச்சி. அப்பால வெளிய ஒன்னுமில்ல. மட்டமா கீது.

ஜெரால்ட்: இப்ப பைய தெக்கால ஆட்டு. நல்லா வீசு. அவன் பாரு பக்கமே வரக்கூடாது. வெளியவே தெக்க வந்து, கல்லு மொனைய சுத்தி, நீ மொதல்ல நின்ன பக்கம் வரணும். தண்ணியே அவன தள்ளிகினு வரும்.

ஜானட்: ஆட்டறேன்... புரிஞ்சிகினான். தெக்க வரான். மொனைக்கு வந்துட்டான்... சுத்திட்டான்... ஏய்யா, இந்தாண்ட தண்ணி தட்டுல ஊத்தி வெச்சாப்ல கீது!

ஜெரால்ட்: காத்தும் அலையும் வடக்கேர்ந்து வருது. கல்லு மறச்சிகிது. வந்துட்டானா?

ஜானட்: கால ஊனிட்டான். மணல்ல வுழுந்து கெடக்கறான். நானும் எறங்கறேன், இரு...

ஜெரால்ட்: மெதுவா. உக்காந்து உக்காந்து எறங்கு.

ஜானட்: உம்... எறங்கிட்டேன். டேய், எங்க அடி? காட்டு. முட்டில சிராச்சிகீது, வேற ஒன்னுமில்ல. இந்தா, உங்கண்ணன் கிட்ட பேசு. நல்லா வாங்கு.

நசீர்: அண்ணே...

ஜெரால்ட்: பேசாத. மூச்சு வுடு மொதல்ல.

நசீர்: தப்புதாண்ணே... அஞ்சாவது அலைல உள்ள இழுத்துட்ச்சி. எது மேல, எது கீழன்னே தெரில. லுப்னாவ நெனச்சேன்... மேல வந்தா மஞ்சப்பை தெரிஞ்சிது. அண்ணி கைய பாத்துகினே வந்தேன்.

ஜெரால்ட்: லுப்னாக்கு தெரியுமா நீ இங்க வந்தது?

நசீர்: தெரியாது.

ஜெரால்ட்: நீயே சொல்லு. மத்தவங்க சொல்லி தெரிய வெக்காத... போ. முட்டிய நல்ல தண்ணில கழுவு.

நசீர்: சரிண்ணே... அண்ணே, நீ படுத்துகினே கடல பாக்கறியா இன்னா?

ஜெரால்ட்: போடா.

ஜானட்: போறான். போர்ட இழுத்துகினு, திரும்பித் திரும்பி கடல பாத்துகினே போறான்... யோவ், கீறியா?

ஜெரால்ட்: கீறேன்.

ஜானட்: மூச்சு வாங்குதே உனுக்கு. எழுந்து உக்காந்துட்டியா இன்னா?

ஜெரால்ட்: இல்ல. கட்டில் கால புடிச்சிகினு கீறேன். நீ கல்லு மேல ஏறினதுலேர்ந்து.

ஜானட்: இப்ப வுடு. எறங்கிட்டேன்ல.

ஜெரால்ட்: ஜானு.

ஜானட்: உம்.

ஜெரால்ட்: எனுக்கு இங்க தரைதான் தெரியுது. ஆனா நீ சொல்லச் சொல்ல... அஞ்சாவது அலை எப்டி வந்துச்சின்னு அப்டியே பாத்தேன்.

ஜானட்: அடுத்த மாசம் நீயே வந்து பாப்ப.

ஜெரால்ட்: இல்ல ஜானு.

ஜானட்: இன்னா இல்ல?

ஜெரால்ட்: ஒன்னு சொல்லணும். திட்டாத... இப்பத்தான் அவன் கிட்ட பெரிய மனுசன் மாரி சொன்னேன், நீயே சொல்லுன்னு. நான் சொல்லல.

ஜானட்: சொல்லு.

ஜெரால்ட்: நேத்து தண்ணி குடிக்க டம்ளர எடுக்கப் போனேன். கை காத்துலயே நிக்கிது. டம்ளரு எவ்ளோ தூரத்துல கீதுன்னு தெரில. ஒத்த கண்ணுக்கு தூரம் தெரியாதாம்... அலை எப்ப வந்து சேரும்னு தெரியாது. ஹார்பர்ல என் கிரேன்ல உக்காந்து கப்பல்லேர்ந்து பொட்டி எறக்கவும் முடியாது. எடது கண்ணு இனிமே வராது ஜானு. ஆபரேசன் ஆன மறுநாளே டாக்டரு சொல்ட்டாரு. நான்தான் அவரு கைய புடிச்சிகினு, 'என் பொண்டாட்டிக்கு இப்ப சொல்லாதீங்க சார்'னு கேட்டுகினேன். நீ ஒடஞ்சிப் போவன்னு... ஜானு? அழுவறியா?

ஜானட்: இல்ல. காத்து.

ஜெரால்ட்: எதுனா பேசு. திட்டவாச்சும் திட்டு.

ஜானட்: அவரு மொதல்ல எங்கிட்டதான்யா சொன்னாரு. 'நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா'ன்னு கேட்டாரு. எனுக்கு வாய் வரல, நீங்களே சொல்லுங்க சார்னுட்டு கதவாண்ட நின்னுகினு இருந்தேன். நீ அவரு கைய புடிச்சத பாத்தேன்... மறுநாள்லேர்ந்து மார்க்கெட்டுக்கு போறேன்னு உன்கிட்ட சொல்லிட்டு தெனம் இங்க வந்துதான் நின்னுகினு கீறேன், உனுக்கு சொல்றதுக்காவ அலை எண்ண கத்துகினு.