நான்கு பன்னிரண்டுக்கு வரும் நகல்

விளக்கைக் குறையுங்கள். நடுவில் யாரும் பேச வேண்டாம். இது நம் டோனாவின் மைத்துனன் ஆர்லோ ஹௌகனுக்கு நேர்ந்தது.

ஜனவரி மாதம், இரவு ஒன்றரை மணி. வடக்கு டகோட்டாவில் வேறொரு வண்டியும் இல்லாத சாலை... பனித்தூள் தரையோடு ஊர்ந்து சாலையைக் குறுக்கே கடந்துகொண்டிருந்தது. தான் கணினிகளைப் பராமரிக்கும் மருத்துவமனைக்கு ஆர்லோ தனியாக வண்டி ஓட்டிப் போனான்.

அங்கே எல்லாக் கணினிகளிலிருந்தும் தினமும் நகல் எடுத்துச் சேர்த்துவைக்கும் சர்வர் நிரம்பிவிட்டது. மூன்று நாட்களாக நோயாளிகளின் பதிவுகளுக்கு நகல் இல்லை. மேலாளர் லோர்னா மாலையிலேயே போனில் பொரிந்து தள்ளியிருந்தாள்.

"உன் சர்வரும் எங்க வீட்டு ஃப்ரீசரும் ஒண்ணுதான் ஆர்லோ. அடியில மூணு வருஷத்து மான்கறி... தூக்கிப் போட மனசு வராது."

"புதுசு ஒண்ணு வாங்கிக் குடேன்."

"கேட்டுக்கிட்டே இரு. காலையில ஏழு மணிக்குள்ள இடம் வேணும். இன்னிக்கு டிஸ்க் போச்சுன்னா டயாலிசிஸ்காரங்களுக்கு நீயா பதில் சொல்லுவே?"

சர்வர் அறை. விசிறிகளின் இரைச்சல்... சூடேறிய தூசியின் வாடை. ஆர்லோ பழைய நகல்களைப் பட்டியலிலிருந்து நீக்கினான். இடம் திரும்பவில்லை. மறுபடியும் நீக்கினான். அப்போதும் இல்லை.

காரணம் அவனுக்குத் தெரியும். எத்தனை கணினிகளில் இருந்தாலும், ஒரே தரவுத் துண்டை அந்த சர்வர் ஒருமுறைதான் வைத்திருக்கும். அதை ஒரு நகலேனும் பற்றியிருக்கும்வரை துடைக்காது. ஒரே ஒரு கணினியின் நகல்களுக்கு மட்டும் 'என்றும் அழிக்காதே' என்று அவனே குறியிட்டிருந்தான். அது மார்லிஸின் கணினி.

மார்லிஸ் அவன் மனைவி. இறந்து இரண்டு ஆண்டுகள். நோயாளிகளுக்கு மறுநாள் வரச்சொல்லி நினைவூட்டும் அழைப்புகளைத் தன் குரலில் பதிவு செய்தவள் அவள்தான். வீட்டில் அவள் குரல் ஒரு துளியும் மிஞ்சவில்லை. இருந்த இடம் இது ஒன்றே.

அந்தக் குறியை எடுக்க அவனுக்கு நாற்பது நிமிடங்கள் பிடித்தன.

"மன்னிச்சுக்க, மார்லிஸ்..." என்று வாய்விட்டுச் சொன்னான்.

ஒரே மூச்சில் துடைத்தால் அந்தச் சிறிய சர்வர் நினைவகம் போதாமல் நின்றுவிடும். ஆகவே சிறிது சிறிதாக... அவளைச் சிறிது சிறிதாகவே அழித்தான். ஐந்தே முக்காலுக்கு இடம் கிடைத்தது. நோயாளிகளின் பதிவுகளுக்கு நகல் ஓடத் தொடங்கியது.

பட்டியலைக் கடைசியாக ஒருமுறை பார்த்தான்.

மார்லிஸின் கணினி. புதிய நகல். நேரம்: இன்று, நான்கு பன்னிரண்டு.

அவள் இறந்தபோதே அந்தக் கணினியின் டிஸ்க்கை விதிப்படி துளையிட்டு அழித்தவன் அவனே.

நகலுக்குள் ஒரே ஒரு ஒலிப்பதிவு இருந்தது. திறந்தான். விசிறிகளின் இரைச்சல்... நாற்காலி கிரீச்சிடும் ஒலி... பிறகு அவனுடைய குரல்: "மன்னிச்சுக்க, மார்லிஸ்."

அந்த அறையில் ஒலி பதியும் கருவி எதுவும் கிடையாது.

அதற்குப் பிறகு, மிக அருகில், இருமல் மிட்டாயின் தாளை யாரோ மெதுவாகப் பிரிக்கும் ஒலி. மார்லிஸ் அழுகையை அடக்க வேண்டியபோதெல்லாம் அப்படித்தான் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொள்வாள்.

அந்த நகலை ஆர்லோ அழிக்கவில்லை. அன்று முதல் தினமும் நான்கு பன்னிரண்டுக்கு ஒன்று வருகிறது... முந்தையதைவிடச் சற்று நீளமாக.

நேற்று லோர்னா மறுபடியும் போன் செய்தாளாம். சர்வர் நிரம்பிவிட்டது.