மஞ்ச ரப்பர் கத்தி

பேனாவைக் கைல குடுக்காதம்மா. மேசைமேல வை. நான் எடுத்துக்கிறேன்.

ஒண்ணுமில்ல, என் பழக்கம் அப்படி. உக்காரு. அந்த நாற்காலி வேணாம், அது என் மக நரேலோடது. இதுல உக்காரு.

கவுன்சில்ல உன்னை யாரு அனுப்பினா? பேரைச் சொல்லு. ம். நீ ரெனோ பவானுக்குச் சொந்தமா? இல்லையா. இந்த ஊர்ல பாதிப் பேர் அவனுக்குச் சொந்தம், அதான் கேட்டேன். பவான் குடும்பம் கிறிஸ்துமஸுக்குக் கூடினா நாற்காலி பத்தாம சர்ச்ல போய்க் கேப்பாங்க.

அந்த போனைக் கவுத்து வை. ஒட்டுக் கேக்குதா? சரி, நம்புறேன். முழுசா இல்ல.

நரேல் நாலு மணிக்கு வந்துருவா. கைக்கு வைத்தியம் பாக்க டவுன்ஸ்வில் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கா, பஸ்ல. அவ வர்றதுக்குள்ள நீ கிளம்பிடணும். நான் புகார் குடுத்தது அவளுக்குத் தெரியாது. தெரிஞ்சா என் தோலை உரிச்சுருவா. ஒத்தக் கையாலயே உரிப்பா.

என்ன எழுதியிருக்கன்னு வாசி. ஆமா, மெர்வின் ட்ராஸ்க். எழுபத்தாறு. சர்க்கரை ஆலையில கரும்பு ரயில் ஓட்டினவன், அதையும் போடு. ஆமா, அதான் என் கோரிக்கை. சாரணர் ஹால்ல ரெனோ பவான் தற்காப்பு வகுப்பு நடத்துறான்ல, அவனுக்கு இனிமே அந்த ஹாலைக் குடுக்காதீங்க. திங்கக்கிழமை கூட்டத்துல முடிவு பண்றீங்கதானே? முடிங்க.

காரணமா? ஏம்மா, ஊருக்கே தெரியும். சரி, முதல்லேருந்து சொல்றேன், எழுதிக்க.

அந்த ஹால் சுவத்தைப் பாத்தியா? ஆறு வாசகம் எழுதி மாட்டியிருந்தான். இப்போ இல்லையா? கழட்டிட்டான், பாரு. தப்புப் பண்ணாதவன் எதுக்குக் கழட்டறான்? இதையும் எழுது.

பயம் ஒரு நாய், நீ உக்காருன்னா அது உக்காரும். இது ஒண்ணு. எங்க வீட்டு நாயே நான் சொன்னா உக்காராது. விழுறது உன் வேலை, எந்திரிக்கிறது உன் குணம். இது இன்னொண்ணு. என்ன அர்த்தம்? எனக்கு முட்டி போயிருச்சு, நான் விழுந்தா எந்திரிக்க மாட்டேன். அப்போ எனக்குக் குணம் இல்லையா? இப்படித்தான் எல்லாம். கேக்க நல்லா இருக்கும், தட்டிப் பாத்தா உள்ள ஒண்ணும் இருக்காது.

நரேல் அதை எல்லாம் எழுதி எங்க ஃப்ரிட்ஜ்ல ஒட்டுவா. பால் எடுக்கப் போனா ஒரு உபதேசம், வெண்ணெய் எடுக்கப் போனா ஒரு உபதேசம். பீர் எடுக்கப் போனா அந்த நாய்.

எனக்கு அவன்மேல ஆரம்பத்துலேருந்தே சந்தேகம். நேத்து வரைக்கும் டிராக்டர் ஓட்டின பய, வெள்ளைத் துணியக் கட்டிக்கிட்டுக் கதவைப் பாத்துக் கும்புடறான். கதவைம்மா! உள்ள வரும்போது ஒரு தடவை, வெளிய போகும்போது ஒரு தடவை. என்னடா கதவு உனக்கு மாமனாரான்னு நேரா கேட்டுட்டேன். சிரிச்சான். திருப்பிப் பேச மாட்டான். திட்டினாத் திருப்பித் திட்டாத ஆளை நான் நம்பறதில்ல.

நரேல் ஏன் அந்த வகுப்புக்குப் போனாளா? மருந்துக்கடையில வேலை பாக்குறா, இருபது வருஷமா. முந்தின வருஷம் எவனோ கண்ணாடிய உடைச்சு மாத்திரைய அள்ளிட்டுப் போனான். அன்னிக்குக் கடைல ஆள் இல்ல. ஆனாலும் அதுக்கப்புறம் இவளுக்குக் கை நடுக்கம். கதவு மணி அடிச்சாத் திடுக்குன்னு திரும்புவா. ரெனோகிட்டப் போனா. ரெண்டு மாசத்துல நடுக்கம் நின்னுச்சு. அதை ஒத்துக்கிறேன். எழுத வேணாம்.

அப்புறம் இந்த மார்ச். பேப்பர்ல படிச்சிருப்ப, பேப்பர்காரன் தப்பாப் போட்டான். நான் சொல்றதை எழுது. மத்தியானம் மூணு மணி, நல்ல மழை. ஒரு பய உள்ள வர்றான், கத்திய நீட்டறான், மாத்திரை கேக்குறான். நரேல் கத்தியப் பிடுங்கிட்டா. நிஜமாத்தான்! கேமரால இருக்கு, நான் போலீஸ் ஸ்டேஷன்ல பாத்தேன். மணிக்கட்டைப் பிடிச்சா, திருகினா, கத்தி இவ கைல. அந்தப் பய கை வெறுங்கை. ரெண்டு செகண்டு ஆகலை. எனக்கு, சொல்லக் கூடாது, அந்த இடத்துல கை தட்டணும்னு தோணிச்சு.

அப்புறம் அதை அவன்கிட்டயே திருப்பிக் குடுத்தா.

ஆமா. குடுத்தா. பிடிய அவன் பக்கம் திருப்பி, மரியாதையா. அவனே ஒரு நிமிஷம் முழிச்சான். என்னடா இதுன்னு பாத்தான். பாத்துட்டு வாங்கிக்கிட்டான். விலாவுல ஒரு குத்து, அது ஆறிடுச்சு. உள்ளங்கைல ஒண்ணு. அதுலதான் நாலு விரலும் மடங்காமப் போச்சு. வலது கை.

ஏன் குடுத்தாளா? அதைத்தான் நானும் கேக்குறேன்! பழக்கம்! வகுப்புல என்ன பண்றாங்க? மஞ்சக் கலர்ல ஒரு ரப்பர் கத்தி. ஒருத்தர் குத்த வரணும், இன்னொருத்தர் பிடுங்கணும், திருப்பிக் குடுக்கணும், மறுபடி குத்த வரணும். நூறு தடவை, ஆயிரம் தடவை. சுவத்துல அவனே எழுதி மாட்டியிருந்தான்ல, மூளை விறைச்சுப் போகும், கை விறைக்காது, கைக்குச் சொல்லிக் குடுன்னு. சொல்லிக் குடுத்தான். கை கேட்டுக்கிச்சு. இதுக்கு மேல என்ன காரணம் வேணும்? எழுது.

ஏன் எழுதாம என்னையே பாக்குற?

செவ்வாய்க்கிழமை வகுப்புக்குப் போனியா. என்கிட்டச் சொல்லாமலா? சரி. என்ன பாத்த?

கத்திய எறியறாங்களா.

பிடுங்கினதும் சத்தமாக் கத்திட்டு சுவத்துப் பக்கம் எறியறாங்க, குத்த வந்தவங்க ஓடிப் போய் எடுத்துட்டு வரணும். ம். கைல குடுக்கிறதே இல்லையா? குடுத்தா பத்து தண்டாலா?

நீ வர்றேன்னு தெரிஞ்சு மாத்தியிருப்பான். பவான் குடும்பம் எதையும் செய்யும். உனக்கு இதெல்லாம் புதுசு.

போன வருஷ வீடியோவா? யாரு காட்டினா, அவனா? அவன் இல்லையா. அங்க வர்ற ஒரு பொண்ணோட அம்மா எடுத்ததா. அதுலயும் எறியறாங்களா?

நரேலுமா?

பாத்தியா நீயே? எறிஞ்சாளா. சத்தமாக் கத்தினாளா.

ம். நல்லாக் கத்துவா. சின்னதுலேருந்தே தொண்டை பெருசு.

டீ ஆறிப் போச்சு உனக்கு. வேற போடவா? வேணாமா. பிஸ்கட் எடுத்துக்க. நரேல் சுட்டது, இடது கையால. அதான் கோணலா இருக்கு.

ரெனோ இங்க வந்தான் தெரியுமா? ஏப்ரல்ல. ஒரு கூடை மாங்கா ஊறுகாயும் லசான்யாவும் தூக்கிட்டு அந்த வாசல்ல நின்னான். அவன் அம்மா செஞ்சது. உள்ள வான்னு நான் சொல்லல. நின்னுட்டே நரேல்கிட்டக் கேட்டான், வீட்டுல யாரோட பயிற்சி பண்ணுவன்னு. யாரோடயும் இல்லைன்னு சொல்லிட்டா. டக்குன்னு சொன்னா, அவன் கேட்டு முடிக்கலை. அவன் என்னைப் பாத்தான். என் முட்டியப் பாத்தான். கூடைய வச்சிட்டுக் கும்புட்டுட்டுப் போயிட்டான். இந்தத் தடவை கதவைக் கும்புடலை. அன்னிக்கு ராத்திரியே வாசகம் எல்லாத்தையும் கழட்டிட்டான்னு கேள்விப்பட்டேன். போலீஸ்கிட்டயும் அவன் ஒண்ணும் சொல்லல. என் வகுப்பு, என் பொறுப்புன்னு சொல்லிட்டானாம். திட்டினாத் திருப்பித் திட்டாத பயன்னு சொன்னேன்ல. அப்படித்தான்.

எதுக்கா? எதுக்கு என் முட்டியப் பாத்தானா?

நீ நல்லா வருவம்மா. கவுன்சில்ல சீக்கிரம் மேல போவ.

கார் ஷெட்டுல. நானும் நரேலும், தினம் சாப்பாட்டுக்கு முன்னாடி. வகுப்புல வாரத்துக்கு ரெண்டு நாள், ஒரு நாளைக்கு இருபது தடவை செஞ்சா அதிகம். பாதி நேரம் எறிஞ்சதை ஓடி எடுக்கிறதுலயே போயிரும். பத்தாதுன்னு தோணிச்சு. எனக்குத்தான் தோணிச்சு. அந்தக் கை வாசகம் ஒண்ணுதான் அவன் சுவத்துல எனக்குப் பிடிச்சது. ரயில் ஓட்டினவனுக்கு அது தெரியும். தண்டவாளத்துல மாடு நிக்கிறதைக் கண்ணு பாக்குறதுக்கு முன்னாடி கை பிரேக்குக்குப் போயிரும். வாடி, நான் குத்த வர்றேன், நாப்பது தடவை செய்வோம்னேன். வேணாம் டாடி, உனக்கு மூச்சு வாங்கும்னா. வாங்கினா வாங்கட்டும்னேன்.

முதல் நாள் எறிஞ்சா. கார் அடில போய் விழுந்துச்சு. நான் எப்படிக் குனிவேன்? குனிஞ்சா அன்னிக்கு முழுக்க அங்கதான் கிடக்கணும். எறியாதடி, கைல குடுன்னேன். ரெனோ திட்டுவாரு டாடின்னா. ரெனோ இங்க இருக்கானா, குடுன்னேன். குடுத்தா, முனை என் பக்கம். எங்கப்பா கையால கரும்பு வெட்டினவர். கரும்புக் கத்திய முனை நீட்டிக் குடுத்தா அறைவார். நான் அவளுக்கு ஏழு வயசுல சொல்லிக் குடுத்தது அது. பிடியத் திருப்பிக் குடுடின்னு ஒரு அதட்டுப் போட்டேன். ரப்பர் கத்திக்கு என்ன பிடி, என்ன முனைன்னு சிரிச்சா. அப்புறம் ஒழுங்காக் குடுத்தா. பிடுங்கு, திருப்பு, குடு. பிடுங்கு, திருப்பு, குடு. நல்லா வேகமா வந்துச்சு. எட்டு மாசம். மழை பெஞ்சாக்கூட விடல. நாப்பது தடவைக்குக் குறைஞ்சா நான் அவளை மறுபடி கூப்பிடுவேன்.

அந்த கேமராவுல சத்தம் கிடையாது. ஆனா கூட வேலை பாக்குற சின்னப் பொண்ணு பக்கத்துல நின்னா. அவ போலீஸ்ல சொன்னா, கத்தியக் குடுக்கும்போது நரேல் ஒரு வார்த்தை பேசினாளாம். இந்தா டாடின்னாளாம். போலீஸ்காரன் அதிர்ச்சியில அவ உளறினதா எழுதிக்கிட்டான்.

உளறல.

மணி என்ன? மூணே முக்காலா. பஸ் பாலத்துகிட்ட வந்துருக்கும். அந்தப் புகார் மேல கோடு போடு. முழுசாப் போடாத, பேரு, வயசு இருக்கட்டும். அதுக்குக் கீழ எழுது. கத்தியத் திருப்பிக் குடுக்கச் சொல்லிக் குடுத்தது நான், அவன் இல்ல. மெர்வின் ட்ராஸ்க். அவ்ளோதான். திங்கக்கிழமை அதை வாசிங்க, அவன் முன்னாடி. வியாழக்கிழமைலேருந்து மறுபடி வகுப்புக்குப் போறேன்னு நரேல் ஒத்தக் கால்ல நிக்கிறா, இடது கைய வச்சுப் பழகப் போறாளாம். போகட்டும். ஹால் இருக்கட்டும்.

எழுதிட்டியா? கொண்டா, கையெழுத்துப் போடறேன்.

இல்லம்மா. கைல குடுக்காத. மேசைமேல வை.