திறக்கக் கூடாத எட்டு மணி நேரம்

எனக்குக் கலகலப்பாகப் பேச வராது. பட்டியல் போட நன்றாக வரும். எங்கள் குழுவில் ஆறு பேர். தடுப்பூசி வைக்கும் குளிர் அறை ஒன்றைக் கட்டி ஒப்படைக்க வேண்டும். எது முதலில், எது பிறகு என்று எழுதிச் சுவரில் ஒட்டுவது என் வேலை. மதியம் மற்றவர்கள் சேர்ந்து சாப்பிடுவார்கள். நான் போனால் பேச்சு நின்றுவிடும். அதனால் என் மேஜையிலேயே சாப்பிட்டுக்கொள்வேன். எலக்ட்ரீஷியன் மட்டும் டீ கொண்டுவந்து வைத்து, இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போவான்.

கடைசிச் சோதனை எளிதானது. மைனஸ் இருபது டிகிரியில், கதவைத் திறக்காமல் எட்டு மணி நேரம். இரண்டு முறை தோற்றோம். இரண்டு முறையும் யாரோ எதற்கோ கதவைத் திறந்துவிட்டார்கள்.

"அக்கா, உள்பக்கக் கைப்பிடி சிக்குது. முதல்ல அத மாத்திடலாமா?" என்று எலக்ட்ரீஷியன் கேட்டான்.

"அது ஒன்பதாவது வேலை. சோதனை முடியட்டும்."

சரியென்று தலையாட்டினான்.

மூன்றாவது முறைக்கு ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தெடுத்தேன். எல்லோரையும் வர வேண்டாம் என்று சொன்னேன். காலை ஒன்பதுக்குக் கதவைச் சாத்தினேன். உள்ளே அடுக்குகளுக்குப் பின்னால் அவன் இருந்தது அப்போது எனக்குத் தெரியாது. இதை நீங்கள் என் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளலாம், சார்.

பத்து நிமிடத்தில் தட்டும் சத்தம் கேட்டது. கதவில் காதை வைத்தேன்.

"அக்கா, நான்தான். தனியா இருப்பீங்களேன்னு வந்தேன். டூல்ஸ் பைய எடுக்க உள்ள வந்தா, கதவு சாத்திக்கிச்சு, கைப்பிடி சிக்கிடுச்சு. கொஞ்சம் திறங்க."

திறந்தால் பதிவில் மூன்றாவது தோல்வி விழும்; நான்காவது முறை தரமாட்டார்கள். ஒப்படைப்பு திங்கள் காலை.

"கொஞ்சம் பொறுத்துக்கோப்பா" என்றேன்.

"சரிக்கா."

ஒரு மணி நேரம் கழித்து என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். அங்கே என் பெயர் யாருக்காவது தெரியும் என்று நான் நினைத்ததில்லை. கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றேன். பதினொன்றரைக்குச் சத்தம் நின்றது. புரிந்துகொண்டான் என்று எடுத்துக்கொண்டேன்.

மாலை ஐந்து மணிக்குத் திரையில் வெப்பநிலைக் கோடு ஓர் இடத்தில்கூட வளையாமல் முடிந்தது. அதை யாரிடமாவது காட்ட வேண்டும் போலிருந்தது. போனை எடுத்துப் பார்த்தேன். கூப்பிட ஒருவரும் இல்லை.

அவனிடம் காட்டலாம் என்றுதான் கதவைத் திறந்தேன்.