நீல வார் செருப்பு

– நிறுத்து, நிறுத்து! கத்தாதே. வெளியே பல் வலியோட நாலு பேர் உக்காந்திருக்காங்க. உள்ளே யாரையோ கொல்றாங்கன்னு எழுந்து ஓடிடப் போறாங்க.

– இல்லக்கா, பேரு, படிப்பு, ஊரு மூணையும் உரக்கச் சொன்னாத்தான் மூத்தவங்க கையெழுத்து போடணுமாம். நம்ம காலேஜ் சங்கத்து விதியாம்.

– அந்த விதியை எழுதினவளே நான்தான், பொண்ணே. இருபது வயசுத் திமிர்ல எழுதினேன். எல்லாம் கடைசியில சொல்லிக்கலாம், மெதுவா. முதல்ல உக்காரு. அந்த நாற்காலிதான், வேற இல்ல. பயப்படாதே, பல்லைப் பிடுங்க மாட்டேன்.

– சரிங்கக்கா. ஆனா ஆறு மணிக்குள்ள தாளைத் திருப்பிக் குடுக்கணும். இருபத்தொம்பது கையெழுத்து வாங்கியாச்சு. உங்களது ஒண்ணுதான் பாக்கி. அது இல்லைன்னா சேத்துக்க மாட்டாங்க.

– இருபத்தொம்பதா! என்னென்ன கூத்தடிக்க வச்சாங்க?

– கேன்டீன்ல நின்னு பாடச் சொன்னாங்க. நூலகத்துப் படிக்கட்டை எண்ணிட்டு வரச் சொன்னாங்க. ஒரு அண்ணன், வாசல்ல நிக்கிற சிலைகிட்ட போயி "என்னைக் கட்டிக்கிறியா"ன்னு கேக்கச் சொன்னாரு.

– கேட்டியா?

– கேட்டேன்க்கா. ஒண்ணும் சொல்லலை.

– ஹா! வாய் இருக்கு உனக்கு. அது சரி, பழைய ஆளுங்கள்ல யார் கையெழுத்து போட்டாலும் போதுமே. என்கூடப் படிச்ச தோதோய், பல்கலைக்கழகத்து வாசல்லயே காப்பிக்கடை வச்சிருக்கான். ஒரு கப் காப்பி வாங்கிக் குடிச்சா போட்டுக் கொடுத்துடுவான். ரெண்டு ஜீப்னி வண்டி மாறி, இந்த வெயில்ல என்கிட்ட எதுக்கு வந்தே?

– உங்க கையெழுத்துதான் வேணும்னு இருந்துச்சு, வெங் அக்கா.

– வெங்கா? அந்தப் பேரை யார் சொன்னா உனக்கு? இப்ப ஊரெல்லாம் டாக்டர் ரோவெனா. பெத்த அம்மாவே "டாக்டர், சாப்பிட்டியா"ன்னுதான் கேக்கறா.

– நம்ம சங்கத்து பெஞ்சுக்குப் பின்னாடி சுவத்துல ஒரு படம் மாட்டியிருக்கே, அதுக்குக் கீழ எழுதியிருக்கு.

– அந்தப் படம் இன்னும் இருக்கா? கரையான் அரிச்சிருக்கும்னு நெனச்சேன். கால்ல என்ன, நீல வார் செருப்பு? புதுசா சேர்றவங்களுக்கு யூனிஃபார்மா?

– இல்லக்கா, என்னோடதுதான். போன மாசம் கிறிஸ்துமஸுக்கு வந்துச்சு.

– நல்லாயிருக்கு. சங்கத்து நீலம். சரி, என் கையெழுத்துக்கு வேலை என்ன தெரியுமா? பாட்டும் வேண்டாம், ஆட்டமும் வேண்டாம். என்கிட்ட ஒரு கேள்வி கேளு. படிச்சு முடிச்சுப் போனவங்களை ஒருத்தரும் எதுவும் கேக்கறதில்ல. விழாவுக்குக் கூப்பிட்டு மாலை போட்டு மூலையில உக்கார வச்சுடறாங்க.

– எதை வேணா கேக்கலாமா?

– எதை வேணா.

– அந்தப் படத்துல உங்க கையில ஒரு பாப்பா இருக்கே. அது யாரு?

– ம். குறி பாத்து அடிக்கறே.

– சொல்லக் கூடாதுன்னா வேண்டாம்க்கா.

– சொல்றேன் கேளு. சொன்னா சொன்னதுதானே. என்ன சிரிப்பு?

– ஒண்ணுமில்லக்கா. சொல்லுங்க.

– தலிபாயன்னு ஒரு ஊர். தீவு. நம்ம சங்கம் தத்தெடுத்த ஊர். மூணு கோடை அங்கேயே கிடந்தோம். குழந்தைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தோம், பல் தேய்க்கக் கத்துக்கொடுத்தோம். பாலர் பள்ளிக்கு வெள்ளையடிச்சோம். புயல் அடிச்ச வருஷம் ஜிம்முக்குள்ள உக்காந்து அரிசியும் மத்தி டப்பாவுமா ரெண்டாயிரம் பை கட்டினோம். பெருமையாத்தான் இருந்துச்சு. ஆனா அசட்டுத்தனமும் உண்டு. நானூறு கண்டல் கன்னு நட்டோம். எங்க நடணும்னு மீனவங்களைக் கேக்கவே இல்லை. படத்துக்கு எங்க நின்னா அழகா இருக்கும்னு பாத்து நட்டோம். மூணே மாசம், கடல் வந்து அள்ளிக்கிட்டுப் போயிடுச்சு.

– எல்லாமுமா போயிருக்கும்? கோயில் பக்கம் பத்துப் பதினஞ்சு நின்னாலும் நிக்கும்க்கா.

– உன் வாய் முகூர்த்தம். கண்டலைக் கடல் கொண்டுபோச்சுன்னு சொல்லிக்கலாம். பாப்பா விஷயத்துல அப்படிச் சொல்லிக்க முடியாது.

– பாப்பாவுக்கு என்ன?

– நாங்க தங்கின வீட்டுக்காரி பேரு லோர்னா. என்னைவிட ஒரு வயசு சின்னவ. கையில ஆறு மாசக் குழந்தை. புருஷன் மீன்பிடிக் கப்பல்ல எந்தக் கடல்லயோ. அந்த ஊருக்கு சாமியார் வருஷத்துக்கு ஒருநாள்தான் வருவார், மே மாசத் திருவிழாவுக்கு. ஞானஸ்நானம், கல்யாணம் எல்லாம் அன்னிக்கே. முந்தின ராத்திரி சாப்பாட்டுல கை வச்சிருக்கோம், லோர்னா வந்து நின்னு, "என் பொண்ணுக்கு நீங்க எல்லாரும் ஞானத்தாய், ஞானத்தகப்பனா நிக்கணும்"னு கேட்டுட்டா.

– படத்துல இருக்கிற எட்டு பேரையுமா?

– எட்டு பேரையும்! கேட்டா மாட்டேன்னு சொல்ல முடியுமா? நம்ம பக்கம் அது குழந்தைக்கே ஆகாதுன்னு சொல்லுவாங்கல்ல. தோதோய் துள்ளிக் குதிச்சான். "சங்கமே ஞானத்தாய்! கல்லூரி முடிக்கிற வரைக்கும் இவ எங்க பொறுப்பு!" அப்படின்னான். எல்லாரும் கை தட்டினோம். கை தட்டறதுல நாங்க கெட்டிக்காரங்க.

– அப்புறம்?

– மறுநாள் எட்டு பேரும் சங்கத்து நீலச் சட்டையைப் போட்டுக்கிட்டுக் கோயிலுக்குப் போனோம். வாசப்படியில லோர்னாவோட செருப்பு அறுந்துபோச்சு. அவகிட்ட இருந்ததே அந்த ஒண்ணுதான். திருவிழாக் கூட்டத்துக்கு முன்னாடி வெறுங்காலோட நிக்கவும் கண்ணுல தண்ணி வந்துடுச்சு அவளுக்கு. நான் என்னோடதைக் கழட்டிக் குடுத்தேன். நீல வார் வச்சது. அப்பவே சாமியார் முன்னாடி, ஊரு முன்னாடி, பெரிய மனுஷியாட்டம் ஒரு வாக்கும் குடுத்தேன். "லோர்னா, உன் பொண்ணு என்னைக்கும் வெறுங்காலோட நிக்க மாட்டா. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அவ ஞானத்தாய், அவ நினாங் வெங்கிட்ட இருந்து புதுச் செருப்பு வரும்."

– ஆமா.

– என்ன ஆமா?

– இல்ல... கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். அந்தச் செருப்பை, நீங்க கழட்டிக் குடுத்ததை, அவங்க பத்திரமா வச்சிருப்பாங்கக்கா. போடக்கூட மாட்டாங்க.

– வச்சிருக்க மாட்டா. தூக்கிக் கடல்ல எறிஞ்சிருப்பா. எறிஞ்சிருக்கணும்.

– ஏன்க்கா? வருஷா வருஷம் அனுப்பினவங்க மேல கோபம் எதுக்கு?

– யார் அனுப்பினா?

– நீங்கதான்.

– பைத்தியமே, அதுதானே கதையே! அனுப்பவே இல்லை.

– ஒரு வருஷம் விட்டுப்போயிருக்கும்.

– ஒரு வருஷமும் அனுப்பலை. இந்த இழுப்பறையைத் திற. கையுறைப் பெட்டிக்குக் கீழ. எடு.

– எவ்வளவு சின்னது!

– அந்த முதல் டிசம்பர்ல வாங்கினது. சரியா நடக்கக்கூடத் தெரியாத குழந்தைக்குச் செருப்பு! அவ்வளவு ஆசையா வாங்கினேன். வாங்கி, சங்கத்து அலமாரியில வச்சேன். தீவுப் பக்கம் போற யார்கிட்டயாவது குடுத்து விடலாம்னு. எனக்குப் பரீட்சை. தோதோய்க்குக் காதல் தோல்வி. யாரும் போகலை. அடுத்த கோடையில புதுத் தலைவர் வந்தான், தீவு ரொம்ப தூரம்னு பக்கத்துலயே வேற ஊரைத் தத்தெடுத்துட்டான். நாங்களும் கை தூக்கினோம். தத்தெடுத்த ஊரை மாத்தற மாதிரி தத்தெடுத்த பிள்ளையை மாத்த முடியுமான்னு ஒருத்தருக்கும் தோணலை.

– அப்போ ரெண்டாவது கிறிஸ்துமஸ்?

– அளவு தெரியலை. வளர்ற பிள்ளை காலு. "அளவு கேட்டு எழுதணும்"னு நெனச்சேன். நெனச்சுக்கிட்டே இருந்தேன். அப்புறம் வெக்கமாயிடுச்சு. ரெண்டு வருஷம் கழிச்சு எந்த முகத்தோட அளவு கேக்கறது?

– மத்த ஏழு பேர்ல யாராவது உங்க பேர்ல அனுப்பியிருக்கலாம்லக்கா? உங்களுக்குத் தெரியாம?

– கேட்டுட்டேன். ஒவ்வொருத்தனும் இன்னொருத்தன் பாத்துக்கறான்னு நெனச்சிருக்கான். எட்டு ஞானப்பெத்தவங்க இருந்த பிள்ளைக்கு ஒருத்தரும் இல்லை. ஒரே ஒரு நினாங் இருந்திருந்தா அவளாவது வந்திருப்பா.

– சங்கத்துலேருந்து? தபால்ல?

– என்ன பொண்ணு நீ, போலீஸ் மாதிரி கேக்கறே! இல்லைன்னா இல்லை. எட்டு வருஷத்துக்கு முன்னாடி பல் மருத்துவ முகாமுக்கு எதிர்க்கரை வரைக்கும் போனேன். அங்கிருந்து படகுல ஒரு மணி நேரம். படகுத்துறையில நின்னேன். ஒரு படகு போச்சு. ரெண்டாவது படகும் போச்சு. ஒரு கடையில நின்னு பன் தின்னுட்டுத் திரும்பி வந்துட்டேன்.

– ஏறியிருக்கலாம்க்கா.

– ஏறியிருக்கலாம். அதையேதான் எட்டு வருஷமா எனக்கு நானே சொல்லிக்கறேன். டிசம்பர் வந்தா எல்லாரும் சிரிப்பாங்களே, "ஞானப்பிள்ளைங்க பரிசு கேட்டு வர்றாங்க, கதவைச் சாத்து, ஆள் இல்லைன்னு சொல்லு"ன்னு. எனக்கு மட்டும் அதுல சிரிப்பு வராது. என் கதவை யாரும் தட்டினதே இல்லை. அவளுக்கு இப்போ பதினெட்டு இருக்கும். உன் வயசு. பேரு கூட எனக்கு ஞாபகமில்லை, தெரியுமா? எல்லாரும் "நெனே, நெனே"ன்னு கொஞ்சினோம். சாமியார் தண்ணி ஊத்திச் சொன்ன பேரை நான் காதுல வாங்கவே இல்லை. படம் எடுக்கறவன் "இந்தப் பக்கம் பாரு"ன்னு கத்திக்கிட்டிருந்தான்.

– பேரு கூடத் தெரியாதாக்கா?

– ஏன் முகம் செத்துப்போச்சு? சங்கம்னாலே தேவதைங்க கூட்டம்னு நெனச்சு வந்தியா? இதையும் தெரிஞ்சுக்கிட்டுச் சேரு. அதான் நல்லது.

– எங்கம்மா வேண்டாம்னுதான்க்கா சொல்லுச்சு. ஒரு வாரம் சண்டை. "ஊர்ப்பட்ட சங்கம் இருக்கு, அது எதுக்கு உனக்கு"ன்னு. நான் கேக்கலை.

– உங்கம்மா விவரமானவ.

– ஆமாக்கா. ரொம்ப.

– என்ன வேலை பாக்கறாங்க?

– மீன் காயவைக்கிற களத்துல. வெறுங்காலோடதான் போகும். செருப்பு போட்டா காலு எரியுதுன்னு சொல்லும். சின்ன வயசுலேருந்து அதை நான் நம்பிக்கிட்டிருக்கேன்.

– உப்புத் தரையில வெறுங்காலா! வெடிச்சுப் போயிருக்குமே பாதம்.

– வெடிச்சுத்தான் இருக்கும்.

– அந்தப் பொட்டலம் என்ன? வந்ததுலேருந்து மடியில வச்சுக்கிட்டே இருக்கே. கருவாட்டு வாசனை.

– உங்களுக்குத்தான்க்கா. அம்மா குடுத்து விட்டுச்சு. லீவுக்கு வீட்டுக்குப் போயிருந்தப்போ, நான் பிடிவாதமா உங்களைப் பாக்கப் போறேன்னு சொன்னதும் ராத்திரியெல்லாம் தூங்கலை. மறுநாள் நான் கிளம்பறப்போ இதைக் கட்டிக் குடுத்து, "குடுத்துட்டு, நன்றின்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு, உடனே வந்துடு. எதையும் கேக்காதே"ன்னு சொல்லுச்சு. நான் கேட்டுட்டேன்.

– என்னை உங்கம்மாவுக்குத் தெரியுமா? எனக்கெதுக்கு நன்றி? நான் என்ன செஞ்சேன்?

– தாளைப் பிடிங்கக்கா. பேனா இந்தாங்க.

– இரு இரு, கேட்டதுக்கு பதில் சொல்லு. ஏம்மா அழறே? சரி, சரி, கையெழுத்து போடறேன். அழாதே. ஆனா விதின்னா விதி, நான் எழுதினதாச்சே. அப்போ நிறுத்தச் சொன்னேனே, அதைச் சொல்லு. பேரு, படிப்பு, ஊரு. கத்த வேண்டாம்.

– பேரு கிளாரிஸ் அபினல். உயிரியல், முதல் வருஷம். ஊரு தலிபாயன். பதினெட்டு கிறிஸ்துமஸுக்கும் புதுச் செருப்பு வந்துச்சு, ஒண்ணுகூட அளவு தப்பலை. "உன் நினாங் அனுப்புனது"ன்னு சொல்லி அம்மாதான் மாட்டி விடும். அதுக்கு உங்களுக்கு நன்றி சொல்லணும்னுதான் இந்தச் சங்கத்துல சேர வந்தேன், நினாங்.